வீடு நிற்கிறது, மண் இறங்குகிறது: ஊத்தான் மெலிந்தாங் பழைய கதை தெரிந்தவர்கள் வரலாம்

மூன்றாம்படி | ஞாயிறு, காலை 7:40

எல்லாருக்கும் வணக்கம். நான் மலேசியாவில், பேராக் மாநிலத்து ஊத்தான் மெலிந்தாங்கில் குடியிருக்கிறேன். ஆற்றங்கரைப் பக்கம் இல்லை, உள்ளே தள்ளி ஒரு தாமான் (வீடமைப்புக் குடியிருப்பு). 1996இல் அப்பா வாங்கிய வீடு. அப்போது வாசலில் இரண்டு படி. 2008 வாக்கில் மூன்றாவது படி கட்டினோம். என் பெயருக்கு அதுதான் காரணம், சிரிக்காதீர்கள். போன மாதம் கொத்தனார் வந்து நாலாவது படிக்கு அளவு எடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

வீட்டுக்குள் ஒரு விரிசல் கிடையாது. ஆனால் வீட்டைச் சுற்றிப் போட்ட சிமெண்டுத் தரை சுவரைவிட்டுக் கழன்று கீழே போகிறது. இடுக்கில் பூனை குட்டி போட்டிருக்கிறது. கழிவுக் குழாய் இரண்டு முறை உடைந்து, இரண்டு முறையும் நாங்களே காசு போட்டுச் சரிசெய்தோம். வீடு கட்டியவர்களிடம் கேட்டதற்கு "மண் அப்படித்தான்" என்றார்கள். அந்தப் பதிலில் எனக்குத் திருப்தி இல்லை.

என் தாத்தா தோட்டத்தில் இருந்தபோது ஒன்று சொல்வார்: "இது மண்ணு இல்லம்மா, இலையும் கட்டையும்." சின்ன வயதில் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இப்போது கேட்க அவர் இல்லை. தோட்டம் வருவதற்கு முன் இங்கே என்ன இருந்தது? யார் இதை நிலமாக்கினார்கள்? பள்ளியில் ஈய வரலாறு படித்தோம், ரப்பர் வரலாறு படித்தோம். எங்கள் காலடியில் இருப்பதைப் பற்றி ஒரு வரி படித்ததாக நினைவில்லை.

கிராணிவீட்டுப்பையன் | ஞாயிறு, காலை 8:15

தாத்தா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அப்பா பாகான் டத்தோ சாலையில் ஒரு தோட்டத்தில் கிராணி, அதாவது எழுத்தர். லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகள்) பின்னால் கழிவறைக்குக் குழி தோண்டும்போது நான் பார்த்திருக்கிறேன். மேலே கறுப்பாக, ஈரப் புகையிலை மாதிரி. கையில் பிடித்துப் பிழிந்தால் தண்ணீர்தான் வரும், கையில் மிஞ்சுவது நார். அதற்குள் முழு மரமே கிடக்கும், அடுப்பில் வைக்கிற மாதிரி. அதற்கும் கீழே சாம்பல் நிறச் சேறு, அதில் கிளிஞ்சல். கடலிலிருந்து அவ்வளவு தூரத்தில் கிளிஞ்சல் எப்படி வந்தது என்று அப்பாவைக் கேட்டேன். "போய்ப் படி" என்றார். படிக்கவில்லை.

ஆனால் ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்வேன். இந்த ஊரில் நிலம் என்று ஒன்று இருக்கிறதென்றால் அது நம் ஆட்கள் கான் (வடிகால்) வெட்டியதால்தான். பேராக் ஆற்றுக்கும் பெர்ணம் ஆற்றுக்கும் நடுவே உள்ள மொத்தத் தரையும் நம் தாத்தாக்களின் மண்வெட்டியில் பிறந்தது. அதை யாரும் எழுதுவதில்லை.

பாரிட்பதினாறு | ஞாயிறு, காலை 10:02

கிளிஞ்சலுக்கு நான் பதில் சொல்கிறேன். செம்பனைத் தோட்டங்களில் (எண்ணெய்ப்பனை) முப்பது வருடம் மண், உரம், தண்ணீர் என்று அலைந்தவன்.

சுமார் 5000 ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட உயரம். நீங்கள் நிற்கிற இடம் அன்று கடல், இல்லையென்றால் அலையாத்திக் காடு. ஆறுகள் வண்டலைக் கொண்டுவந்து கொட்டக் கொட்டக் கரை மேற்கே நகர்ந்தது. பின்னால் விடுபட்ட பள்ளத்தில் மழைத்தண்ணீர் தேங்கி, சதுப்புக் காடு வளர்ந்தது. அந்தக் காட்டில் விழுகிற இலையும் கிளையும் தண்ணீருக்குள் கிடந்ததால் மக்கவில்லை. மக்குவதற்குக் காற்று வேண்டும், அது அங்கே இல்லை. அப்படியே அடுக்கடுக்காக ஏறியதுதான் கம்புட் மண். பல இடங்களில் நடுவில் மேடாகவும் ஓரத்தில் தாழ்வாகவும், கவிழ்த்து வைத்த தாம்பாளம் போல இருக்கும். ஆற்று வெள்ளம் அந்த மேட்டுக்கு ஏறாது, அதனால் வண்டலும் சேராது. மழை மட்டும்தான். சத்து கிடையாது, புளிப்பு உண்டு. கானில் ஓடுகிற தண்ணீர் கோப்பி ஓ (பால் சேர்க்காத காப்பி) நிறத்தில் இருக்கிறதே, அது இந்த மண் வடிக்கிற சாயம்.

ஆக, மேலே கம்புட், அடியில் பழைய கடலின் களிமண். கடற்கரையோரம் போனால் கம்புட் இல்லாமல் நேராகக் களிமண்ணே கிடைக்கும். ரூங்குப், பாகான் டத்தோ பக்கம் தென்னை அப்படிச் செழிப்பதற்கு அதுதான் காரணம்.

இப்போது உங்கள் படி. உங்கள் வீடு கட்டை அடித்து (தரைக்குள் தூண் இறக்கி) கட்டியது, கட்டை அடியிலுள்ள களிமண்ணில் நிற்கிறது. சுற்றியுள்ள தரையும் குழாயும் மேலே உள்ள கம்புட்டில் கிடக்கின்றன. அந்தக் கம்புட்தான் இறங்குகிறது.

மூன்றாம்படி | ஞாயிறு, காலை 10:20

ஏன் இறங்குகிறது சார்? பாரம் ஏற்றினால் ஒருமுறை அமுங்கிவிட்டு நின்றுவிடாதா?

பாரிட்பதினாறு | ஞாயிறு, காலை 11:05

பாரம் மட்டும் என்றால் நின்றுவிடும். இதில் மூன்று வேலை ஒன்றாக நடக்கிறது. கம்புட்டின் கன அளவில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். கான் வெட்டியதும் தண்ணீர் போய், மண் பஞ்சு மாதிரி அமுங்கும். முதல் ஐந்து வருடத்துக்குள் ஒரு மீட்டருக்கு மேல் இறங்கிய இடங்கள் உண்டு. அப்புறம் காய்ந்த பகுதி சுருங்கும். மூன்றாவதுதான் முக்கியம்: இத்தனை ஆயிரம் வருடம் மக்காமல் கிடந்தது இப்போது காற்றுப் பட்டு மக்க ஆரம்பிக்கும். மண் கரியமில வாயுவாகி மேலே போய்விடும். இது நிற்கவே நிற்காது. வருடத்துக்குச் சில சென்டிமீட்டர் என்று போய்க்கொண்டே இருக்கும், கம்புட் தீருகிற வரைக்கும்.

தோட்டத்தில் செம்பனை மரங்கள் எல்லாப் பக்கமும் சாய்ந்து, வேர் வெளியே தெரிய நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். காற்றடித்துச் சாய்ந்தவை இல்லை. அடியில் பிடிமானம் இறங்கிவிட்டது. நட்டபோது வேர் மண்ணுக்குள்தான் இருந்தது.

சாய்ந்தகோபுரம் | ஞாயிறு, பிற்பகல் 2:30

தெலுக் இந்தானிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊரில் இந்தப் பாடத்தை நடுத்தெருவிலேயே நட்டு வைத்திருக்கிறோம். 1885இல் லியோங் சூன் சோங் கட்டிய கோபுரம், 25.5 மீட்டர் உயரம். உச்சியில் கடிகாரம், உள்ளே ஊருக்கான தண்ணீர்த் தொட்டி. மெத்தென்ற மண்ணில் தண்ணீர்ப் பாரம், கோபுரம் சாய்ந்துவிட்டது. சுற்றுப்பயணிகள் பைசா நகரத்தோடு ஒப்பிட்டுப் படம் எடுக்கிறார்கள். எனக்கு அதில் வேறொன்றுதான் வேடிக்கை. சுற்றிலும் சதுப்பு, பக்கத்தில் பேராக் ஆறு, வானத்திலிருந்து மழை. அப்படிப்பட்ட ஊர் வறட்சிக்கும் தீக்கும் பயந்து கோபுரத்தில் தண்ணீர் சேர்த்து வைத்தது. கடலோரச் சமவெளியில் தண்ணீர் நிறைய இருக்கும், குடிக்கிற தண்ணீர் குறைவு.

அண்ணன் கிராணிவீட்டுப்பையன் சொன்னதற்கு வருகிறேன். முழுதாக ஒப்புக்கொள்ள முடியவில்லை. மன்னிக்கவும்.

முதல் காட்டை அழித்ததும் முதல் பெரிய கானை வெட்டியதும் பெரும்பாலும் குத்தகை ஆட்கள். சீனக் கூட்டங்கள், ஜாவாக்காரர்கள். நாள் கூலி கிடையாது, வெட்டிய மண்ணின் அளவுக்குக் காசு. நம் ஆட்கள் வந்தது மாதச் சம்பளத்துக்கும் நாள் கூலிக்கும். கடற்கரையோரச் சிறுதோட்டங்களில் ஜாவாக்காரர்களும் போர்னியோவிலிருந்து வந்த பஞ்சார் மக்களும் தங்களுக்காகத் தாங்களே பாரிட் (மலாயில் கான்) வெட்டிக் குடியேறினார்கள். சுங்கை மாணிக் நெல்வயல்களும் 1930களில் அவர்களை வைத்துத்தான் திறக்கப்பட்டன. 1932இல் வடிகால் நீர்ப்பாசன இலாகா, அதாவது இன்றைய ஜேபிஎஸ், தனி இலாகாவாக வந்த காலம் அது. ஜொகூரில் பாரிட் ராஜா, பாரிட் சூலோங் என்று ஊர்ப்பெயரே கான் பெயராக இருக்கிறதே, அது வெட்டியவர்கள் விட்டுப்போன முகவரி. நம் தாத்தாக்களுக்கு உரிய பெருமையைக் கொடுப்போம், அடுத்தவர் தாத்தாவுடையதைச் சேர்த்து எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கிராணிவீட்டுப்பையன் | ஞாயிறு, பிற்பகல் 3:10

இதைத்தான் எதிர்பார்த்தேன். எப்போது நம் உழைப்பைப் பேசினாலும் ஒரு படித்தவர் வந்து கழித்தல் கணக்குப் போடுவார்.

அப்பா வைத்திருந்த செக்ரோல் புத்தகத்தை (ஆட்களின் வேலைப் பதிவேடு) நான் கண்ணால் பார்த்தவன். ஒவ்வொரு மாதமும் "கான் வேலை" என்று ஒரு பத்தி. அதில் இருந்த பெயர்கள் எல்லாம் முனியாண்டி, காத்தாயி, அங்கம்மா. ஒரு சீனப் பெயர் கிடையாது.

சாய்ந்தகோபுரம் | ஞாயிறு, பிற்பகல் 3:45

செக்ரோலில் தோட்டத்து ஆட்கள் பெயர்தான் இருக்கும் அண்ணே. குத்தகைக்காரர் கணக்கு வேறு புத்தகம். அதனால் இரண்டும் உண்மையாக இருக்கலாம். அந்தக் "கான் வேலை" என்பது என்ன வேலை, அதைச் சொல்லுங்கள். அதுதான் எனக்கு வேண்டும். உங்களைப் போல நேரில் பார்த்தவர்கள் சொன்னால்தான் உண்டு.

கிராணிவீட்டுப்பையன் | ஞாயிறு, இரவு 9:20

சாயங்காலம் கோபமாக எழுதிவிட்டேன், தம்பி. சாப்பிட்டுவிட்டு யோசித்தேன்.

சொல்கிறேன். சின்னக் கான், நடுக் கான், பெரிய கான் என்று மூன்று வகை. சின்னக் கான் மரவரிசைகளுக்கு நடுவே ஓடும், எங்கள் தோட்டத்தில் எட்டு வரிசைக்கு ஒன்று. அது நடுக் கானில் சேரும், நடுக் கான் பெரிய கானில், பெரிய கான் போய் ஆற்றங்கரைப் பண்டில் (மண் அணை) இருக்கும் கதவில் முட்டும். கதவை நாங்கள் மலாய்க்காரர் சொல்கிறபடி பிந்து என்போம். வெட்டின கான் தானாக வெட்டினபடி இருக்காது. கரை சரியும், புல் மூடும், சேறு ஏறும், ஆகாயத்தாமரை அடைக்கும். ஆறு மாதம் விட்டால் கான் இருந்த இடம் தெரியாது. அதனால் வருடம் முழுக்க ஒரு கூட்டம் கானிலேயே நிற்கும். ஆண்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிச் சேற்றை வாரி மேலே எறிவார்கள். பெண்கள் கரைப்புல் செதுக்குவார்கள். என் ஆயா அந்தக் கூட்டத்தில் இருந்தவர். அட்டைக்குப் புகையிலையும் சுண்ணாம்பும் இடுப்பில் முடிந்திருப்பார். முழங்காலுக்குக் கீழே அவர் தோல் கடைசிவரை வேறு நிறம்.

மழைக்காலத்தில் பிந்து ஆள் என்று ஒருவர். அமாவாசை, பௌர்ணமிக்குக் கடல் பெரிதாக ஏறும், அந்த நாட்களில் அவருக்குத் தூக்கம் கிடையாது. வெளியே தண்ணீர் ஏறும்போது கதவு மூடியிருக்க வேண்டும், வற்றும்போது திறந்து உள்தண்ணீரை விட வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஏற்றமும் பெருமழையும் ஒரே நேரத்தில் வந்தால் விட வழியில்லாமல் உள்ளே தேங்கும். லயத்துக் கடைசி வீடுகளில் தண்ணீர் ஏறும், கோழிகளைக் கூரைமேல் ஏற்றுவோம்.

வெட்டினது யார் என்பதில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கலாம். ஒப்புக்கொள்கிறேன், பாதி.

ரூங்குப்மருமகள் | ஞாயிறு, இரவு 10:05

பிந்து என்றதும் படுத்திருந்தவள் எழுந்துவிட்டேன். மாமனார் தென்னந்தோட்டத்தில் அந்த வேலை பார்த்தவர். இங்கே சில கதவுகள் தானாகவே மூடும். வெளியே தண்ணீர் ஏறினால் அதன் பாரமே பலகையைத் தள்ளி அடைத்துவிடும், வற்றினால் உள்தண்ணீர் தள்ளித் திறந்துகொள்ளும். "கடலே வேலைக்காரன்" என்பார். ஆனால் ஒரு தேங்காய் மட்டை கதவிடுக்கில் மாட்டினால் போதும், உப்புத்தண்ணீர் உள்ளே வந்துவிடும். அதனால் இரவில் லாந்தரோடு மட்டை பொறுக்கப் போவார். மீனும் அப்படித்தான் கிடைக்கும், கதவடியில் ஒதுங்கி நிற்கும் விராலைக் கையாலேயே பிடித்து வருவார்.

அவர் காலத்தில் தென்னை. இப்போது எங்கள் வரிசையில் பாதிப் பேர் செம்பனைக்கு மாறிவிட்டார்கள்.

வெண்ணாற்றங்கரை | திங்கள், காலை 6:50

தமிழ்நாட்டிலிருந்து வணக்கம். மன்னார்குடிப் பக்கம் விவசாயம். தொடர்ந்து படித்து வருகிறேன், ஆச்சரியமாக இருக்கிறது. எங்கள் பக்கத்திலிருந்து எத்தனையோ குடும்பங்கள் கப்பலேறி மலாயாவுக்கு வந்தன. இங்கே அவர்களுக்குத் தெரிந்த வேலை தண்ணீரைக் கொண்டுவந்து வயலில் நிறுத்துவது. வாய்க்கால், மதகு, முறைப்பாசனம், எல்லாமே அதற்குத்தான். அங்கே வந்து தண்ணீரை விரட்டுகிற வேலை செய்திருக்கிறார்கள். மண்வெட்டி அதேதான், வேலை தலைகீழ்.

ஒரு திருத்தமும் சொல்ல வேண்டும். டெல்டாவில் வடிகால் இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். கடைமடையில் பாசன வாய்க்காலைவிட வடிவாய்க்கால்தான் உயிர். நாகப்பட்டினம் பக்கம் கடல் ஏறினால் வடிகால் எதிர்த்து நிற்கும், நெல் அழுகும். ஆகவே நீங்கள் பிந்து என்பது எங்கள் கடைமடைக்காரனுக்குப் புதிதில்லை.

சரி, ஒரு கேள்வி. மலேரியா? சதுப்பு என்றால் கொசு. வந்தவர்கள் எப்படிப் பிழைத்தார்கள்?

சாய்ந்தகோபுரம் | திங்கள், பிற்பகல் 1:15

பலர் பிழைக்கவில்லை. அதுதான் நேர்மையான பதில்.

ஒப்பந்தக் கூலிக்கு ஆள் எடுப்பது 1910இல் நிறுத்தப்பட்டது. கங்காணி முறை (தோட்டத்து மேஸ்திரியே ஊருக்குப் போய் ஆள் கூட்டி வருவது) 1938 வரை ஓடியது, அந்த வருடம் இந்திய அரசு கூலி ஆட்களை அனுப்புவதைத் தடுத்தது. அந்தக் காலத்தின் முதல் பகுதியில், புதிதாகக் காடு அழித்த தோட்டங்களில் சாவு சாதாரணம். வந்த முதல் வருடத்தில் போனவர்கள் எத்தனையோ.

இதில் சிலாங்கூர் மாநிலத்துக் கிள்ளான் ஊரின் கதை முக்கியம். 1901இல் மால்கம் வாட்சன் என்ற டாக்டர் கிள்ளானுக்கு வந்தபோது ஊரே காய்ச்சலில் கிடந்தது. கொசு வழியாக மலேரியா பரவுகிறது என்று ரொனால்டு ராஸ் காட்டி நாலு வருடம்கூட ஆகவில்லை. வாட்சன் ஊரைச் சுற்றியிருந்த சதுப்பை வடிக்கவைத்தார், புதரை வெட்டவைத்தார், காய்ச்சல் விழுந்தது. பக்கத்திலிருந்த சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும், இன்றைய கிள்ளான் துறைமுகம், அதே முறை பலித்தது. கடலோரச் சமவெளியில் நோயைப் பரப்பிய கொசு நிழலான சதுப்புத் தண்ணீரில் முட்டையிடுகிற வகை. காடு போய், கான் வந்ததும் அதற்கு இடமில்லை.

இதையே மலையடிவாரத் தோட்டங்களில் செய்து பார்த்தபோது காய்ச்சல் கூடியது! அங்கே உள்ளது வேறு வகைக் கொசு. வெயில் படுகிற தெளிந்த ஓடைதான் அதற்குப் பிடிக்கும். காட்டை வெட்டி வெயிலை உள்ளே விட்டதும் பெருகிவிட்டது. அங்கே ஓடையை மண்ணுக்கடியில் குழாயில் விடவும், தண்ணீர்மேல் எண்ணெய் தெளிக்கவும் வேண்டியிருந்தது.

ஆக, நம் சமவெளியில் கான் வெட்டியது பயிருக்கு மட்டும் இல்லை. ஆள் உயிரோடு இருப்பதற்கும் சேர்த்துத்தான். தோட்டத்துக்கு அது மனிதாபிமானம் என்று எழுதப் போவதில்லை. ஆள் செத்தால் அடுத்த ஆளைக் கொண்டுவரப் பணம் கட்ட வேண்டும்.

கிராணிவீட்டுப்பையன் | திங்கள், பிற்பகல் 1:40

பெரட்டில் (காலையில் ஆள் கணக்கெடுக்கும்போது) கொய்னா என்ற மலேரியா மருந்தைக் கொடுத்து, கண்முன்னே விழுங்கச் சொல்வார்களாம். ஆயா சொன்னது. நாக்கடியில் ஒதுக்கி வைத்திருந்து கானில் துப்பிவிடுவார்களாம். அவ்வளவு கசப்பு.

ரூங்குப்மருமகள் | திங்கள், இரவு 8:30

நம் பக்கத்தில் முதல் தோட்டம் எது? ஆங்கிலேயர் இல்லை, டென்மார்க்காரர்கள் என்று சொல்வார்கள். உண்மையா?

சாய்ந்தகோபுரம் | திங்கள், இரவு 9:10

முதல் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஜெண்டராட்டா தோட்டத்தை 1906இல் தொடங்கியவர் ஆகே வெஸ்டன்ஹோல்ஸ், டென்மார்க்காரர், சயாமில் வேலை பார்த்த பொறியாளர். அதற்கு முன்பே, 1893இல், தாப்பா ரோட்டிலிருந்து தெலுக் ஆன்சனுக்கு ரயில் வந்துவிட்டது. (இளையவர்களுக்கு: தெலுக் இந்தானின் பழைய பெயர், 1982இல் மாற்றினார்கள்.) ரயிலும் ஆற்றுத் துறைமுகமும் ஈயத்துக்காக வந்தவை. ரப்பர் வந்தபோது துறைமுகம் தயாராக இருந்தது, நிலம்தான் தயாராக இல்லை. அதற்குத்தான் இத்தனை கான்.

தோட்டத்துக்குள் லாரி ஏன் ஓடவில்லை, செம்பனைக் குலை ஏற்ற ஏன் குட்டி ரயில் என்று கேட்பவர்களுக்கும் பதில் இதே மண்தான். மெத்தை மேல் தண்டவாளம் போடலாம், கனரக லாரியை ஓட்ட முடியாது.

வெண்ணாற்றங்கரை | செவ்வாய், காலை 7:05

பாரிட்பதினாறு ஐயாவுக்கு: கம்புட் தீருகிற வரை இறங்கும் என்றீர்கள். தீர்ந்த பிறகு? அடியில் களிமண் வந்தால் நல்லதுதானே? தென்னை களிமண்ணில் செழிக்கிறது என்றும் சொன்னீர்கள்.

பாரிட்பதினாறு | செவ்வாய், பிற்பகல் 12:40

நல்ல கேள்வி. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே கேள்வியை மூத்தவர் ஒருவரிடம் கேட்டு வசமாக மாட்டியவன்.

களிமண் எல்லாம் ஒன்று இல்லை. பழைய அலையாத்திக் காட்டுச் சேற்றில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம் இருக்கும். பைரைட். தண்ணீருக்கடியில் இருக்கிற வரை அது சாது. கானை ஆழமாக வெட்டி, தண்ணீர்மட்டம் அதற்குக் கீழே போய்க் காற்றுப் பட்டால், கந்தக அமிலமாக மாறும். மண்ணில் வைக்கோல் நிற மஞ்சள் திட்டுகள் தெரியும், கானில் துருச்சிவப்புத் தண்ணீர் ஓடும், மீன் செத்து மிதக்கும், மட்டைகள் பழுத்துத் தொங்கும், காய்ப்பு விழும். அந்தக் காலத்து மேலாளர்களுக்கு ஒரே மருந்துதான் தெரியும்: விளைச்சல் குறைந்தால் வடிகால் போதவில்லை, கானை இன்னும் ஆழப்படுத்து. ஆழப்படுத்த ஆழப்படுத்த இன்னும் மோசம். பிறகுதான் புரிந்தது, கானை அடைக்க வேண்டும் என்று. குறுக்கே பலகையோ மணல் மூட்டையோ போட்டுத் தண்ணீரை அந்தச் சேற்றுக்கு மேலே நிறுத்தினால் மரம் தேறியது. இருபது வருடம் கான் வெட்டிய அதே தண்டலிடம் (வேலை மேஸ்திரி) போய், "இனிமேல் அடைங்க" என்று சொல்ல வேண்டியிருந்தது. அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

கம்புட்டிலும் இப்போது அதே கதை. தரையிலிருந்து அரை மீட்டர் கீழே தண்ணீரை நிறுத்தப் பார்க்கிறார்கள். மேலே விட்டால் வேர் மூச்சுத் திணறும், கீழே விட்டால் மண் கரையும், காய்ந்தால் தீப்பிடிக்கும். கம்புட் தீ மேலே அணைந்தாலும் உள்ளே ஊர்ந்துகொண்டிருக்கும். போதாததற்குத் தாமிரம், துத்தநாகம், போரான் எதுவும் கிடையாது. முன்பெல்லாம் கம்புட்டில் நட்ட செம்பனை நடுக்கொண்டை மஞ்சளாகிச் சோர்ந்து நிற்கும், தாமிரம் போட்டதும் பச்சை திரும்பும்.

இன்னொரு சிக்கல், இதுதான் பெரியது. வடிகால் தானாக ஓடுவதற்குத் தரை, வற்றத்துத் தண்ணீரைவிட உயரமாக இருக்க வேண்டும். தரை இறங்கிக்கொண்டே போனால் ஒருநாள் கதவைத் திறந்தாலும் தண்ணீர் வெளியே போகாது. அப்புறம் பம்பு. பம்பு வைத்தால் நிறுத்தவே முடியாது.

இங்கிலாந்தில் ஃபென்ஸ் என்று ஒரு சதுப்புச் சமவெளி, 1630களில் வெர்முய்டன் என்ற டச்சுக்காரரை வைத்து வடித்தார்கள். மண் இறங்கியது, ஆறு வயலைவிட மேலே போனது. காற்றாடி வைத்து இறைத்தார்கள், பிறகு நீராவி, பிறகு டீசல், மின்சாரம். அங்கே ஹோம் என்ற இடத்தில், பக்கத்து ஏரியை வடித்த 1851 வாக்கில், ஓர் இரும்புத் தூணை அடியிலிருக்கும் களிமண்வரை இறக்கி, தலை தரையோடு தரையாக இருக்கும்படி புதைத்தார்கள். இன்றைக்கு அந்தத் தூண் சுமார் நாலு மீட்டர் வெளியே நிற்கிறது. தூண் வளரவில்லை.

மூன்றாம்படி | செவ்வாய், பிற்பகல் 1:02

சார்! அப்படியென்றால் என் வீடுதான் அந்தத் தூண்.

பாரிட்பதினாறு | செவ்வாய், பிற்பகல் 1:10

ஆமாம் அம்மா. வாடகை வாங்காத தூண். வீட்டு மூலையில் இருக்கும் ஒரு தூணில், இன்றைய தரைமட்டத்துக்குச் சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். நாலாவது படியைச் சிமெண்டில் கட்ட வேண்டாம், கழற்றி எடுக்கிற பலகைப் படி போதும். குழாய் சுவரைத் தாண்டும் இடத்தில் வளைகிற இணைப்பு போடச் சொல்லுங்கள், விறைப்பான குழாய் மூன்றாவது முறையும் உடையும். சுற்றுத்தரை இடுக்கில் மண் கொட்டி நிரப்பலாம், ஆனால் அந்தப் பாரமும் சேர்த்து அமுக்கும். கொஞ்சமாகப் போடுங்கள். முதலில் பூனையை வெளியே எடுங்கள்.

கிராணிவீட்டுப்பையன் | செவ்வாய், மாலை 5:30

ஒரு சந்தேகம். எங்கள் பழைய லயம் இருந்த இடத்துக்குப் போன வருடம் போயிருந்தேன். தோட்டம் கைமாறி, லயத்தை இடித்துவிட்டுச் செம்பனை நட்டிருக்கிறார்கள். கோவில் மட்டும் நிற்கிறது. சின்ன வயதில் கோவிலுக்குள் இறங்கிப் போவோம் என்று என் நினைவு. இப்போது ஏறிப் போனேன். வயதாகிவிட்டது, நினைவு பிசகுகிறது என்று யாரிடமும் சொல்லவில்லை.

பாரிட்பதினாறு | செவ்வாய், மாலை 5:50

கோவிலுக்குக் கட்டை அடித்திருந்தார்களா?

கிராணிவீட்டுப்பையன் | செவ்வாய், மாலை 6:15

அடித்தார்கள். பாக்காவ் (அலையாத்தி மரம்) கட்டை. எல்லாரிடமும் மாதச் சம்பளத்தில் பிடித்து, ஆற்று வழியாகச் சம்பானில் கொண்டுவந்தார்கள். லயத்துக்குத் துரை அடிக்கவில்லை, சாமிக்கு நாங்கள் அடித்தோம்.

பாரிட்பதினாறு | செவ்வாய், மாலை 6:20

அப்படியென்றால் உங்கள் நினைவு பிசகவில்லை அண்ணே.

ரூங்குப்மருமகள் | புதன், காலை 9:00

இந்த இழையை மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். பிந்து ஆள் சம்பளம் எவ்வளவு என்று யாரும் எழுதவில்லையே என்று கேட்டார். அவருக்கே ஞாபகம் இல்லை. மாமனார் கொண்டுவந்த மீன் மட்டும் ஞாபகம் இருக்கிறதாம்.

மூன்றாம்படி | சனி, மாலை 6:45

கோடு போட்டாயிற்று. பூனை பக்கத்து வீட்டுக்குக் குடிபோய்விட்டது.

பெயிண்ட் டப்பாவோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பாக்சிக் (மலாயில் மாமா) வந்து என்ன என்று கேட்டார். ஜாவாக்காரர், எங்களுக்கு முன்பே குடிவந்தவர். விவரம் சொன்னதும் சிரித்துவிட்டு, தன் வீட்டுப் பின்பக்கத் தூணைக் காட்டினார். அதில் ஏற்கனவே ஒரு கோடு இருக்கிறது. யாரும் போட்டதில்லை. முதலில் ஊற்றிய சிமெண்டுத் தரை சுவரோடு ஒட்டியிருந்த இடத்துக் கறை. அதற்குக் கீழே இன்னொரு கறை, இரண்டாவது தரை. அவர் அப்பாவும் பாரிட் வெட்டியவராம், பாகான் டத்தோ பக்கம். எந்த பாரிட் என்று கேட்டேன், எண் சொன்னார். அந்த எண் இன்னும் சாலைப் பலகையில் இருக்கிறதாம்.

டேப் வைத்து இரண்டு பேரும் அளந்தோம். மேல் கறையிலிருந்து இன்றைய தரைக்கு 41 சென்டிமீட்டர். முதல் தரை ஊற்றியது 1995 என்கிறார். பாரிட்பதினாறு சார், வருடத்துக்கு எவ்வளவு ஆகிறது என்று கணக்குப் போட்டுச் சொல்லுங்கள். பாக்சிக் வாசலில் காத்திருக்கிறார்.